அறத்தொடு நிற்கும் குரல்

சென்ற கல்வியாண்டில் ஒரு மாலைப்பொழுது. வகுப்புகள் முடிந்து மாணவர் கூட்டம் பேருந்து நிறுத்தம் நோக்கிச் சென்ற பின்னரும், இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தமிழ்த்துறையின் வாயிலிலேயே நின்றிருந்தாள். கணியம்பாடிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து ஏறி நாள்தோறும் வந்து படிப்பவள். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் இரவுப் பணியாளர். தாய் காலணிக் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவர்.

"என்னம்மா, பேருந்து போய்விடுமே?" என்றேன்.

"ஐயா, உங்கள் கைப்பேசியைச் சற்றுத் தருவீர்களா? ஒருவரிடம் பேச வேண்டும். வீட்டில் இருப்பது அண்ணனுடைய கைப்பேசி. அதில் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்" என்றாள்.

அவள் பேச விரும்பியது கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த 14416 என்னும் அரசின் மனநல ஆலோசனை எண்ணோடு. துறையின் நூலக அறையைத் திறந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினாள். நான் தாழ்வாரத்தில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது. கைப்பேசியைத் திருப்பித் தருகையில், "அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட்டேன், ஐயா" என்றாள். அவள் என்ன பேசினாள் என்பதை நான் கேட்கவில்லை, இன்றுவரை அறியேன். போகும்போது அவளாகவே ஒன்று சொன்னாள்: "வீட்டில் யாரிடம் முதலில் சொல்ல முடியும் என்று கேட்டார்கள், ஐயா. சித்தியிடம் சொல்கிறேன் என்றேன்."

அந்த மாலை என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. தொலைபேசி, காணொலி, இணையம் ஆகியவற்றின் வழியே குடும்பச் சிக்கல்களுக்கும் பிள்ளை வளர்ப்புத் தடுமாற்றங்களுக்கும் அன்றாட மனத்துயர்களுக்கும் ஆலோசனை கிடைக்கும் காலம் இது. அதனை வரவேற்பதா, விலக்குவதா என்று நம் இல்லங்களில் பெரியோர் பலர் தயங்குகின்றனர். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். அக்குரல் நம் இல்லங்களுக்கு வேண்டும். ஆனால் அது இல்லத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் குரலாக இருத்தல் கூடாது. துயருற்றவரை இல்லத்தாரிடம் மீண்டும் கொண்டு சேர்க்கும் குரலாக இருத்தல் வேண்டும். அவ்வாறு அமைவதற்கு அக்குரலைக் கேட்கத் தனித்த ஓர் இடத்தையும் சிறிது நேரத்தையும் நாம் தருதல் இன்றியமையாதது.

கணியம்பாடி தந்த கணக்கு

இது மேலைநாட்டுச் செல்வர்களின் கவலை, நமக்கு எதற்கு என்று எண்ணுவோர் உளர். அவர்களுக்கு விடை தொலைவில் இல்லை, கணியம்பாடியிலேயே இருக்கிறது.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையினர் கணியம்பாடி ஒன்றியத்தில் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருபவர்கள். ஊர்தோறும் பிறப்பையும் இறப்பையும் பதிவுசெய்து, ஒவ்வோர் இறப்பிற்கும் காரணம் யாதென்று வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பரிவோடு கேட்டறிந்து குறித்து வைத்தனர். அக்குறிப்புகளைக் கொண்டு ஆபிரகாம் ஜோசப் முதலான மருத்துவர்கள் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டனர். ஒன்று 2003ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழிலும், மற்றொன்று 2004ஆம் ஆண்டு லான்செட் இதழிலும் வந்தன.

முதல் ஆய்வின்படி, 1994 முதல் 1999 வரை கணியம்பாடியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 95 என்ற அளவில் இருந்தனர். அதே காலத்தில் நாடு முழுமைக்கும் காவல்துறைப் பதிவுகள் காட்டிய எண் 10, 11 என்ற அளவினதே. இரண்டாம் ஆய்வு ஏறத்தாழ 1,08,000 மக்களிடையே, 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுகளில், 10 முதல் 19 வயதுவரை உள்ள இளையோரைப் பற்றியது. அவ்வயதில் இறந்த ஆண்பிள்ளைகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரும், பெண்பிள்ளைகளுள் பாதி முதல் முக்கால் பங்கினரும் தற்கொலையால் மாண்டவர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்பிள்ளைகளுக்கு 148 பேர். ஆண்பிள்ளைகளுக்கு 58 பேர்.

இவை இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட எண்கள். இன்றைய நிலையை இவற்றால் அளத்தல் ஆகாது. இவற்றால் கணியம்பாடிக்கு இழுக்கு ஏதுமில்லை என்பதையும் நாம் உணர வேண்டும். காவல் நிலையத்துக்குச் செல்லாமல் 'வயிற்றுவலி' என்றும் 'விபத்து' என்றும் மறைக்கப்பட்ட துயரங்கள் எல்லா ஊரிலும் உண்டு. கணியம்பாடியில் அவற்றைப் பொறுமையோடு கேட்டு எழுதியோர் இருந்தனர். பிற ஊர்களில் இல்லை. வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவே.

காரணங்களாக அறியப்பட்டவை எவை? குடும்பப் பூசல், இல்லத்து வன்முறை, தேர்வில் தோல்வி, நிறைவேறாத காதல், மனநோய் என்பன. ஒரு மரணத்திற்குப் பின்னால் ஒரே காரணம் இருப்பது அரிது. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே மனிதரை அழுத்துகின்றன. ஆயினும் இப்பட்டியலில் முதல் நான்கும் எந்த வீட்டிலும் நிகழக்கூடியவை என்பதை நோக்குக. மதிப்பெண் குறைந்ததற்காகப் பேசாமல் இருந்த தந்தை, மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே வளர்ந்த மௌனம், திருமணப் பேச்சில் கேட்கப்படாமற்போன ஒரு பெண்ணின் விருப்பம் ஆகியவை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத்தக்க நோய்கள் என்று எவரும் கருதுவதில்லை. உரிய வேளையில் பொறுமையோடு கேட்க ஒருவர் இருந்தால் இவற்றின் பாரம் பெரிதும் குறையும். அந்த ஒருவர் இல்லாமற்போனதே நம் துயரம்.

தோழி எங்கே சென்றாள்?

தமிழ் பயில்வோர்க்கு இச்செய்தி புதிதன்று. நம் அகப்பொருள் மரபில் தலைவியின் உள்ளத்தைக் கேட்பதற்கென்றே ஒருத்தி உண்டு, அவளே தோழி. செவிலியின் மகளாகத் தலைவியோடு ஒருங்கு வளர்ந்தவள். தலைவியின் மேனி வேறுபட்டது கண்டு வீட்டார் கலங்குகின்றனர். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். தாயின் அன்பில் குறையில்லை; ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று. அந்நிலையில்தான் தோழி வாய் திறக்கிறாள். உண்மையை உரிய முறையில், உரியவரிடம் எடுத்துரைக்கிறாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் என்று படிப்படியாகச் செய்தி செல்கிறது. இதனை இலக்கண நூலோர் 'அறத்தொடு நிற்றல்' என்றனர்.

இப்பெயரின் நுட்பத்தை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தோழி செய்தது காட்டிக்கொடுத்தல் அன்று, மறைத்தலும் அன்று. தலைவியின் நம்பிக்கைக்கு ஊறு நேராமல், வீட்டின் மானத்துக்கும் குறை வாராமல், மூடியிருந்த வாயிலைத் திறந்துவிட்டாள். அதனால்தான் அது அறம் எனப்பட்டது.

நூலக அறையில் அம்மாணவி பேசிய முகமறியாத ஆலோசகரும் ஏறத்தாழ இதனையே செய்தார். "வீட்டில் யாரிடம் முதலில் சொல்ல முடியும்?" என்ற அவரது கேள்வி தோழியின் கேள்வி. சித்தியே அங்குச் செவிலி. இத்தொழிலைச் செய்வோரைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று வழங்குவது எத்துணைப் பொருத்தம்! பரிசில் பெற்று மீண்டவன், வறுமையில் வாடி எதிர்ப்படுபவனுக்கு வழி காட்டுவதே ஆற்றுப்படை. வழிகாட்டுபவன் உடன் வந்து தங்கிவிடுவதில்லை. செல்லும் நெறியைச் சொல்லித் தன் வழியே போய்விடுகிறான்.

குரல் வந்த வழி

தொலைவிலிருந்து துயர் கேட்கும் முறை திடீரென முளைத்ததன்று. 1953ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் பாதிரியார், வாழ்வை வெறுத்தோர் அழைத்துப் பேசுவதற்கென ஒரு தொலைபேசியை வைத்துச் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் 1986ஆம் ஆண்டு மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' அமைப்பைத் தோற்றுவித்தார். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அங்குத் துயருற்றோர்க்குச் செவி கொடுத்து வருகின்றனர். மருத்துவர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், 2010ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்தினுள் அமர்ந்த நோயாளி, சென்னையிலிருந்த மருத்துவரைத் திரையில் கண்டு பேசினார்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், பெருந்தொற்றால் நாடு கதவடைத்த வேளையில், தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை நடுவண் அரசு வெளியிட்டது. 2022ஆம் ஆண்டு உலக மனநல நாளாகிய அக்டோபர் 10ஆம் நாள் 'டெலி மானஸ்' என்னும் தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. 14416 என்பது அதன் எண். கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவையெனில் மனநல மருத்துவரிடமோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அனுப்புவார்.

இத்தகைய ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 15 கோடிப் பேருக்கு மனநல உதவி தேவை என்று மதிப்பிட்டது. வெவ்வேறு மனநோய்களுக்கு ஆளானோருள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை ஏதும் பெறவில்லை என்றும் அது கூறிற்று. சிகிச்சைக்குரிய நோய்களுக்கே இந்நிலை என்றால், நோய் என்று பெயர் சூட்டப்படாத அன்றாடத் துயர்களின் நிலை என்னாகும்? வேலூர் நாட்டில் நமக்கு மருத்துவமனைக் குறை பெரிதில்லை. பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. கணியம்பாடிச் சாலையிலேயே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பாகாயத்தில் பேருந்தைவிட்டு இறங்கினால் எவர் பார்ப்பரோ என்னும் அச்சம், பேருந்துக் கட்டணத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அவ்வச்சத்தைக் கடக்கும் முதற்படியாகத் தொலைவழி ஆலோசனை உதவுகிறது.

இல்லத்தார் இன்றி ஆகாது

பாகாயத்து மனநல மையத்தைப் பற்றி ஒரு செய்தியை நம் மாணவர்கள் அறிதல் நன்று. நோயாளியை உறவினர் கொண்டுவந்து விட்டுவிட்டுச் செல்வதே பல நாடுகளில் முறையாக இருந்த காலத்தில், 1950களின் பிற்பகுதியிலிருந்தே இம்மையம் குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கவைத்துச் சிகிச்சை அளித்தது. அதே காலக்கட்டத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து உறவினரைத் தங்கச் செய்தார். நோயுற்றவரைப் புரிந்துகொள்ளும் பயிற்சி வீட்டாருக்குக் கிடைத்தால்தான், வீடு திரும்பிய பின்னும் நலம் நிலைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. உலகம் பின்னர்ப் போற்றிய இம்முறை நம் ஊர் வாயிலில் வளர்ந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

இணையவழி ஆலோசனைக்கும் இதுவே அளவுகோல். பிள்ளை வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மகன் பேச மறுக்கிறான் என்று ஒரு தாய் ஆலோசகரை அழைக்கிறார் என்க. நல்ல ஆலோசகர் மகனைப் பற்றி உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. அவன் எப்போது கடைசியாக இயல்பாகப் பேசினான், வீட்டில் பேச்சு எதில் தொடங்கி எதில் முடிகிறது, தண்டனை எவ்வாறு, உறக்கம் எவ்வாறு என்று கேட்கிறார். பின்னர்ச் சிறு கடமை ஒன்றைத் தருகிறார்: நாளும் பதினைந்து நிமிடம், படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அவன் விரும்பியதைச் செய்துகொண்டு அவனோடு இருத்தல். அடுத்த வாரம் அது நடந்ததா, எங்கே தடைப்பட்டது என்று கேட்கிறார். இதில் மாயம் ஏதுமில்லை. ஆனால் கோபத்திலும் களைப்பிலும் நாம் மறந்துபோகும் எளிய ஒன்றை வாரந்தோறும் நினைவூட்ட ஒருவர் வேண்டியிருக்கிறார்.

வளைகுடா நாடுகளில் பணியாற்றும் தந்தையரை உடைய குடும்பங்கள் நம் பகுதியில் பல. அவர்தம் இல்லங்களில் தந்தைமை என்பதே காணொலி வழியாகத்தான் நடைபெறுகிறது. அப்பேச்சு பெரும்பாலும் மதிப்பெண், பணம், உடல்நலம் என்னும் மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. தோல், காலணித் தொழிற்சாலைகளில் பெற்றோர் இருவரும் முறைமாற்றிப் பணிசெய்யும் வீடுகளிலோ, ஒருவரையொருவர் காண்பதே அரிதாகிறது. இத்தகையோர்க்கு வேலை நாளில் நேரில் சென்று ஆலோசனை பெறுதல் இயலாது. இரவு பத்து மணிக்குக் கணவர் ஜித்தாவிலும் மனைவி ஆம்பூரிலும் இருந்தபடி ஒரே ஆலோசகரோடு ஒருங்கே பேசலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்திருக்கும் புதிய வாய்ப்பு.

இதன் எல்லைகளையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். மிதமான மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்றவர் துணையோடு இணையவழி அளிக்கப்படும் உளச்சிகிச்சை, நேரில் அளிக்கப்படுவதற்கு ஏறத்தாழ நிகரான பயன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கடுமையான மனநோய், போதைக்கு அடிமையாதல், உயிருக்கு ஆபத்தான நிலை ஆகியவற்றுக்கு அது போதாது, மருத்துவமனை வேண்டும். வீட்டில் அடிபடும் பெண்ணுக்குச் சமாதானப் பேச்சைவிடப் பாதுகாப்பே முதல் தேவை. அவளுக்கு 181 என்னும் மகளிர் உதவி எண்ணும், துன்புறும் குழந்தைக்கு 1098 என்னும் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டாரிடம் கொண்டு சேர்த்தல் என்று நான் கூறுவது, அடிக்கும் கைக்கே திருப்பி ஒப்படைத்தல் என்று எவரும் பொருள்கொள்ளலாகாது. அத்தகைய வேளையில் ஆலோசகர் தேட வேண்டியது, அவ்வீட்டிலோ உறவிலோ அவளுக்காக நிற்கக்கூடிய மற்றொருவரை.

பெரியோரின் ஐயங்கள்

"மனத்துயர் என்பது இறைநம்பிக்கையின் குறைவு, தொழுகையும் பொறுமையும் போதும்" என்பர் சிலர். நம்பிக்கை தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. எனினும் நம் முன்னோர் உடலுக்கும் உள்ளத்துக்கும் மருத்துவம் நாடுவதை நம்பிக்கைக்கு மாறாகக் கொண்டதில்லை. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். சினம், அச்சம், துக்கம், ஓயாத வீண் எண்ணங்கள் என உள்ளத்து நோய்களைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தணிக்கும் வழி கூறினார். உடல் நோயுறுவதுபோல் உள்ளமும் நோயுறும் என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அத்தெளிவு இருந்தது என்றால், இன்று நாம் தயங்குவானேன்?

"வீட்டுச் செய்தி வெளியே போகலாமா?" என்பது மற்றோர் ஐயம். இவ்வையம் நியாயமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், அம்முயற்சிக்காகத் தண்டித்தல் ஆகாது என்றும் அச்சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே வழக்கு வரும் என்று அஞ்சி, உயிர் பிழைத்தவரை மருத்துவரிடம் காட்டாமல் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வணிக நோக்கில் நடத்தப்பெறும் எல்லா இணைய நிறுவனங்களும் இம்மறைவைப் பேணுகின்றன என்று சொல்ல இயலாது. அமெரிக்காவின் பெரிய இணையவழி ஆலோசனை நிறுவனங்களுள் ஒன்றான 'பெட்டர்ஹெல்ப்', தன்னை நாடியோரின் செய்திகளை முகநூல் முதலான நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2023ஆம் ஆண்டு குற்றஞ்சாட்டியது. அதன்பேரில் 78 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. எனவே பேசுமுன் ஆராய்தல் நம் கடமை. மனநல மருத்துவர் எனில் மருத்துவக் கழகப் பதிவும், மருத்துவ உளவியலர் எனில் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவும் உண்டா என்று கேட்க வேண்டும். 'ஆலோசகர்' என்னும் பலகையை எவரும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை முற்றும் நீங்கவில்லை. ஆதலின் எங்கே பயின்றார், எத்தனை காலம் பணியாற்றினார், செய்திகளை எவ்வாறு காக்கிறார் என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. கேள்விக்குச் சினப்படுபவரை விட்டு நீங்குவதே நலம்.

இக்காலத்தில் மனிதரோடன்றிக் கணினியோடே தம் துயரைப் பேசும் இளையோரும் பெருகி வருகின்றனர். இதுவும் பழைய கதையே. 1966ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்னும் நிரலை உருவாக்கினார். பேசுபவரின் சொல்லையே கேள்வியாகத் திருப்பிப் போடுவது மட்டுமே அதன் வேலை. ஆயினும் அதனோடு உரையாடத் தொடங்கிய அவருடைய செயலாளர், சிறிது நேரத்தில், அறையைவிட்டு வெளியே செல்லும்படி பேராசிரியரையே கேட்டுக்கொண்டாராம். தனியே பேச ஓர் இடம் வேண்டும் என்னும் மனிதத் தவிப்பு எத்துணை ஆழமானது என்பதற்கு இது சான்று. இன்றைய கணினிகள் எலைசாவைவிடப் பன்மடங்கு திறம் பெற்றவை, தகவல் தரும், ஆறுதலாகவும் பேசும். ஆனால் நள்ளிரவில் ஓர் உயிர் ஊசலாடும்போது பொறுப்பேற்றுச் சித்தியை அழைக்கவோ, கதவைத் தட்டவோ ஒரு மனிதர் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, இல்லத்தில். உதவி மிகுதியாகத் தேவைப்படும் பெண்ணுக்கே கைப்பேசி இல்லை. இருந்தாலும் தனியிடம் இல்லை. இரண்டு அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் தனிமை என்பது மாடிப்படியிலும் கிணற்றடியிலும்தான் கிடைக்கிறது. மகளின் கையில் கைப்பேசியைக் கண்டால் ஐயுறும் நாம், வாரத்தில் ஒரு மணி நேரம் அதனை அவளிடம் கொடுத்து, யாரிடம் பேசினாய் என்று கேளாதிருக்கப் பழக வேண்டும். சந்தேகத்தைவிட நம்பிக்கையே பிள்ளைகளைக் காக்கும் என்பது முப்பதாண்டுகளாக வகுப்பறையில் நான் கண்டது.

இரண்டாவது, கல்லூரிகளிலும் மேனிலைப் பள்ளிகளிலும். கதவுள்ள ஓர் அறை, ஒரு கைப்பேசி, சுவரில் எழுதிய ஓர் எண்: இவை போதும். பெரும் பொருட்செலவு இல்லை. அறைக்குள் சென்றவர் பெயரை எவரும் குறிக்கலாகாது. ஆசிரியர் ஆலோசகராக மாற வேண்டியதில்லை. வாயிலைத் திறந்துவிட்டுத் தாழ்வாரத்தில் இருந்தால் போதும். தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் மட்டுமேனும் ஒவ்வொரு துறையும் தன் மாணவரை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்குமானால், அது எந்தப் பரிசளிப்பு விழாவினும் உயர்ந்த பணியாகும்.

மூன்றாவது, சமுதாயப் பெரியோர்களும் தொழிற்சாலை உரிமையாளர்களும். ஊர்க்கூட்டங்களிலும் ஜமாஅத்துக் கூட்டங்களிலும் திருமணம், மணமுறிவு, சொத்து ஆகியன பேசப்படுகின்றன. அவற்றுக்கு முன்னரே எழும் மனக்கசப்பைப் பற்றியும் பேசலாம். பஞ்சாயத்துக்கு வருமுன் கணவனும் மனைவியும் ஆலோசகர் ஒருவரோடு சில முறை பேசிப் பார்க்கட்டும் என்று ஒரு பெரியவர் சொன்னால், அச்சொல்லுக்கு அரசு விளம்பரத்தைவிட மதிப்பு மிகுதி. ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரியும் காலணி நிறுவனங்கள், உணவு இடைவேளையில் பயன்படத்தக்க ஒரு தனியறையை ஒதுக்கித் தரலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் உருதுவை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல. துயரம் தாய்மொழியில்தான் முழுமையாக வெளிப்படும். எனவே தமிழும் உருதும் அறிந்த நம் பட்டதாரிகள் இத்துறையில் முறையாகப் பயின்று பணியாற்ற முன்வருவார்களாயின், அது இம்மண்ணுக்கு ஆற்றும் பெருந்தொண்டாகும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் நண்பர் ஒருவர் அண்மைக் காலமாக விலகி இருக்கிறாரா? 'நான் இல்லாவிட்டால் என்ன' என்பது போன்ற சொல்லை விளையாட்டாகவேனும் சொல்கிறாரா? அருகில் அமர்ந்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வளரும் என்பது தவறான கருத்து. கேட்பதே அவருக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல். அறிவுரை கூற அவசரப்பட வேண்டா. தனியே விட்டுவிடவும் வேண்டா. 14416 என்னும் எண்ணை நீங்களே அழைத்துக் கொடுங்கள்; பெரியவர் ஒருவரிடமும் தெரிவியுங்கள். அது காட்டிக்கொடுத்தல் ஆகாது; நம் முன்னோர் சொன்ன அறத்தொடு நிற்றலே ஆகும்.

அந்த மாணவி இப்போது மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். அன்று மாலைக்குப் பின் மூன்று வாரங்கள் கழிந்து, அவளுடைய தாயும் சித்தியும் கல்லூரிக்கு வந்தனர். காலணிக் கம்பெனியில் அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்த தாய், "ஐயா, பிள்ளை எல்லாம் சொல்லிவிட்டாள்" என்று மட்டும் கூறினார். என்ன சொன்னாள் என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நூலக அறையின் சாவியை அன்று முதல் துறையின் மேசைமேல் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைத்திருக்கிறோம். அதனை எடுத்துச் செல்பவரிடம் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை.